சிறுத்துப்போன சிப்பிகள்

மலேசியாவின் கிள்ளானில் மஜீதாவின் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கெராங் சிப்பியில் செய்யும் காரச் சம்பலுக்காகவே வருவார்கள். சேற்றில் விளையும் அந்தச் சிப்பியைப் பதினெட்டு வருடங்களாக அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் பக்கத்து ஊரான காப்பார் கடலோரத்துத் தம்புசாமி.

போன வருடம் அந்த உறவு முறிந்தது. சிப்பிகள் வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தன. ஒருநாள் மஜீதா, சாப்பிட வந்தவர்கள் முன்னிலையிலேயே கூடையைக் கவிழ்த்துவிட்டார்.

"பெருசெல்லாம் வேற கடைக்கு, பொடிசு மட்டும் எனக்கா அண்ணே?"

தம்புசாமி சிந்தியதைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு லோரியில் ஏறியவர், திரும்ப வரவேயில்லை.

மஜீதா பாசார் சந்தையில் வாங்கத் தொடங்கினார். அங்கேயும் பொடிசுதான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

விஷ்ணுப்ரியா என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் வாராவாரம் அவரிடம் சமைக்காத சிப்பி கேட்டு வாங்கிப் போவார். எதற்கென்று மஜீதா ஒருமுறை கேட்டபோது, "லேப்புக்கு வந்து பாருங்க ஆன்டி" என்றார். கடை விடுமுறையன்று மஜீதா போனார். சிப்பிச் சதையைக் கரைத்து வடிகட்டி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் காட்டினார் விஷ்ணுப்ரியா. நீல நூல், சிவப்பு நூல், சின்னச் சின்னச் சில்லுகள்.

"பெரும்பாலும் பிளாஸ்டிக் ஆன்டி. பை, வலை, துணி துவைக்கிற தண்ணின்னு எல்லாம் கடலுக்குத்தானே போகுது? சிப்பி தண்ணிய வடிகட்டிச் சாப்பிடும். இதுவும் சேர்ந்து உள்ள போயிடும். ஃபேக்டரி கழிவு வேற. வளர்ச்சி கொறைஞ்சிடும்."

"அதான் சிறுசா இருக்கா?"

"இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது லா. ஆனா நாங்க சேத்துல நேரா எடுத்ததும் இதே சைஸ்தான்."

"நாம சாப்பிடலாமா?"

"மனுஷனுக்கு எவ்ளோ கெடுதல்னு இன்னும் சரியா தெரியல ஆன்டி."

மறுநாள் காலையிலேயே மஜீதா காப்பாருக்குப் போனார். தம்புசாமி படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்மேலதான் அண்ணே."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அன்னிக்குக் கொண்டாந்தது, இருக்கிறதுலயே பெருசா பொறுக்கினது மஜீதா."

மஜீதா வாளியை எடுத்துப் படகில் தண்ணீர் ஊற்றினார். கழுவி முடித்ததும் தம்புசாமியே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது தம்புசாமி மறுபடியும் கொண்டுவரும் சிப்பியில், வெள்ளிக்கிழமை மட்டும்தான் சம்பல். மாதம் ஒருமுறை தம்புசாமியின் படகில் விஷ்ணுப்ரியா ஆய்வுக்குச் சேறு அள்ளப் போகிறார். ஏன் தினமும் இல்லை என்று கேட்பவர்களிடம் மஜீதா லேப்பில் தான் கண்டதைச் சொல்கிறார். சிலர் யோசிக்கிறார்கள், சிலர் சிரித்துவிட்டுப் பொரித்த மீன் கேட்கிறார்கள்.