முன்னாடி கேட்டவங்க

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க போங்க. என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. வாயைத் திறந்தாலே விக்கல் வந்து காட்டிக் கொடுத்துடும். இதைச் சொன்னப்ப அவருக்கு விக்கல் வரலை.

ராணுவத்துல ரேடியோ அறை அவருக்கு. தரையில சண்டை போடுற பசங்க மாட்டிக்கிட்டா இவரைத்தான் கூப்பிடுவாங்க, இவர் விமானம் அனுப்புவார். முன்னெல்லாம் அது கிளம்பி வரவே முக்கால் மணி நேரம் ஆகும். இவர் மேலிடத்தோட மல்லுக்கட்டி, ரெண்டு விமானம் எப்பவும் மேலயே சுத்திக்கிட்டு இருக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணார். கூப்பிட்டா அஞ்சே நிமிஷம். அந்தப் படையில என் தம்பியும் இருந்தான். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

அந்த ஏற்பாட்டோட முதல் நாள். பட்டப்பகல். ரேடியோ கரகரன்னுச்சு.

"ஓடைப் பாலத்துல இருக்கோம். சீக்கிரம்."

குரல் ரொம்ப மெதுவா வந்துச்சாம். பின்னாடி துப்பாக்கிச் சத்தம் இல்லை... காத்துச் சத்தம்கூட இல்லை. இவர் ரெண்டு விமானத்தையும் அனுப்பிட்டார்.

விமானி பேசினார். "நம்ம ஆளுங்கதான் நிக்கிறாங்க. அண்ணாந்து பாக்கிறாங்க. எதிரி யாரையும் காணோமே..."

இன்னும் தாழ இறங்கிப் பார்த்தார்.

"சார்... இவ்வளவு வெயில்ல... ஒருத்தருக்கும் நிழல் விழலை."

அப்பத்தான் இன்னொரு குரல். மூச்சு வாங்குது. என் தம்பி.

"மாமா! மேட்டுல மாட்டிக்கிட்டோம். விமானம் அனுப்புங்க!"

ரேடியோல மாமான்னு கூப்பிடக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். கூப்பிட்டான்.

விமானத்தைத் திருப்பச் சொன்னார் இவர்.

பதில் இல்லை.

கத்தினார்.

கரகர...

அந்த மெதுவான குரல்.

"நாங்க முன்னாடி கேட்டோம்."

எரிபொருள் தீர்ற வரைக்கும் ரெண்டு விமானமும் பாலத்தையே சுத்துச்சு. திரும்பச் சொன்னது காதுலயே விழலைன்னு விமானிங்க சாதிக்கிறாங்க.

என் தம்பி வரலை.

இவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அப்புறம்தான் விசாரிச்சுட்டு வந்து சொன்னார். போன வருஷம் அதே பாலத்துல ஒன்பது பேர் மாட்டிக்கிட்டு விமானம் கேட்டிருக்காங்க. காத்திருங்கன்னு பதில் போயிருக்கு. விமானம் போனப்ப ஒருத்தரும் உயிரோட இல்லை.

இவங்க வேலையில ஒரு வழக்கமாம். கூப்பிட்டவங்களே "போதும்"னு சொன்னாத்தான் அந்த அழைப்பு முடியும். வேற யாரும் முடிச்சு வைக்கக் கூடாது. அந்த ஒன்பது பேரும் சொல்லவே இல்லை.

நாளைக்கு மறுபடி விமானங்களை மேல ஏத்தப் போறாங்க.

என் தம்பியும் இன்னும் சொல்லலை.