இருநூறு கிராம் சேதாரம்

அந்த ஆளை முதன்முறை பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். முகம், கழுத்து, கை என வெயில் பட்ட இடமெல்லாம் ஈயப் பாத்திரத்தின் நிறம். பேருந்தில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை கடைசிவரை காலிதான். வேலை செய்கிற ஆலையில் அவருக்கு 'ஈயம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கூப்பிட மட்டும் ஒருவருக்கும் கூச்சம் கிடையாது. இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் உடம்பில் ஏறியிருந்தது ஈயமே இல்லை, வெள்ளி!

தோல் மருத்துவர் ஒரு துணுக்கை வெட்டிச் சோதித்துவிட்டு, "வெள்ளித் தூள் மூச்சு வழியா உள்ள போய்த் தோல்ல தங்கிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இந்த நிறம் போகவும் போகாது. வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். என்னத்தைக் கேட்பது! பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. மூன்றாவது வீட்டில் பெண்ணின் அப்பா, இவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, "பொணத்துக்கா பொண்ணு கொடுப்பாங்க?" என்று காதுபடச் சொன்னார். அன்றோடு கல்யாணப் பேச்சுக்கு முழுக்குப் போட்டார்.

ஆலையில் செய்வது வெள்ளியும் செம்பும் கலந்த தூள். நூறு பங்கில் எழுபத்திரண்டு வெள்ளி, மிச்சம் செம்பு. தனியாக உருக்கப் போனால் வெள்ளிக்குத் தொள்ளாயிரத்து அறுபது டிகிரிக்கு மேல் வேண்டும், செம்புக்கு ஆயிரத்து எண்பதுக்கும் மேல். இந்தக் கணக்கில் கலந்துவிட்டால் எழுநூற்று எண்பதிலேயே இரண்டும் சேர்ந்து தண்ணீராய் ஓடும். பிறகு இறுகினால் பிரிக்க முடியாது. ஃப்ரிட்ஜ் குழாய்களை இணைக்கவும், பெரிய மின் சுவிட்சுகளின் உறுப்புகளைப் பற்றவைக்கவும் அதனால்தான் இதைத் தேடி வருகிறார்கள். உருகிய கலவை மெல்லிய தாரையாய் விழும்போது குறுக்கே வாயுவைப் பீய்ச்சுவார்கள். தாரை சிதறி, அடியில் விழுவதற்குள் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகிவிடும். அந்தத் தூளைச் சலித்து அளவு பிரிக்கிற அறைக்கு இருபத்திரண்டு வருஷமாய் நம் ஆள்தான் தலைவர்.

சலிப்பறைக்கு ஒரே ஒரு சட்டம். நூறு கிலோ உள்ளே போனால் சேதாரம் இருநூறு கிராமைத் தாண்டக் கூடாது. இவருடைய அறையில் அது இருபதைத் தாண்டியதில்லை. மற்ற ஆலைக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சலிக்கும்போது, தூளை உறிஞ்சுகிற எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அது ஓடினால் பொடியிலும் பொடியானதை உறிஞ்சிக்கொண்டு போய் மாடியில் தொங்கும் பையில் சேர்த்துவிடும். பையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எரித்து வெள்ளியை எடுப்பது வேறு பிரிவு. அந்த எடை சலிப்பறைக்கு வராது. எக்ஸாஸ்ட் ஓடாவிட்டால் பறந்த தூள் மேஜையிலும் தரையிலும் படியும். தூரிகையால் கூட்டி மறுபடி சல்லடையில் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் மூக்குக்குள் போகும். போனால் போகட்டும், மூக்கை யார் எடை போடப்போகிறார்கள்! வாரத்துக்கு ஒரு முகமூடி கொடுப்பார்கள். வேர்வையில் நனைந்து மூச்சு முட்டும் என்று எல்லாரும் அதைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொள்வார்கள். மேனேஜர் வருஷா வருஷம் வந்து இவர் கையைக் குலுக்கிப் பாராட்டுவார். குலுக்கிய கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே போவார்.

மருத்துவர் சொன்ன பிறகாவது எக்ஸாஸ்டைப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஆனது ஆகிவிட்டது, நம் உடம்புதானே என்று இருந்துவிட்டார். அறையில் கூட வேலை செய்தவர்கள் இரண்டு வருஷம்கூடத் தங்காமல் வேறு இடம் பார்த்துப் போய்விட்டதால் அவர்களைப் பற்றியும் யோசிக்கவில்லை. மடத்தனம், வேறென்ன சொல்ல?

நாலு வருஷத்துக்கு முன்னால் தங்கை ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளைத் தன் சலிப்பறையிலேயே சேர்த்துவிட்டார். கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் தூளை விரலில் தேய்த்தே அளவு சொன்னாள். எக்ஸாஸ்டை எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அத்துப்படி. வேலை நிரந்தரமாகவில்லை என்பதுதான் குறை.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நகத்தின் அடியில் பிறை மாதிரி வெளுப்பாய் இருக்குமே, அது நீலமாக இருந்தது. அவருக்கும் அங்கேதான் ஆரம்பித்தது.

"கையைக் காட்டு."

"டப்பா மூடி நசுக்கிடுச்சுண்ணே."

"பத்து விரலையுமா?"

அவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். "இப்ப என்ன? என்னைப் பொண்ணு பார்க்க யாராவது வரப்போறாங்களா?"

இவளும் தன்னைப் போல ஆகக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எதையும் இவ்வளவு வெறியோடு விரும்பியதில்லை. மறுநாள் காலை எக்ஸாஸ்டைப் போட்டார். சலித்து முடிக்கும்வரை யாரையும் சுவிட்ச் பக்கம் விடவில்லை. சாயங்காலம் எடை போட்டார்கள். சேதாரம் முந்நூற்றுப் பத்து கிராம்.

மேனேஜர் பறந்து வந்தார். "இத்தனை வருஷமா இருபது. இன்னைக்கு முந்நூத்திப் பத்து. வெள்ளிக்குச் சிறகு முளைச்சிடுச்சா? சோதனை போடுங்க!"

ஆண்களை ஐந்து நிமிஷத்தில் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அறையில் பெண் அவள் ஒருத்திதான். மூலையில் ஒரு துணித்திரை, உள்ளே ஒரு பெண் காவலாளி. தூள் உதிர்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தின் மேல் குனியவைத்து முடியை வாரினாள். கைகால் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்தாள். "ம், உள்பாவாடையையும் கழட்டு," என்ற குரல் வெளியே நின்ற அண்ணன் காதில் விழுந்தது. "நல்லா உதறிப் பாருங்கக்கா," என்று எவனோ சொல்ல, வாசலில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். ரவிக்கையைத் திருப்பிப் போட்டிருந்தாள். அண்ணனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் மேனேஜர் அறைக்கு ஓடினார். "இத்தனை வருஷமும் நான்தான் சார் எக்ஸாஸ்டை நிறுத்தி வெச்சேன். இன்னைக்குத்தான் ஓட விட்டேன். மாடியில இருக்கிற பையை இறக்கி எடை போடுங்க, எல்லாம் அதுல இருக்கும்."

மேனேஜர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "அது எனக்குத் தெரியாதா? இதையெல்லாம் எழுதிக் கொடுங்க."

"கொடுத்தா, இனிமே யாரும் நிறுத்த முடியாதபடி சுவிட்சுக்குப் பூட்டு போடுவீங்களா சார்?"

"போட்டுடலாம்."

ஒரு பக்கம் முழுக்க எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் படித்துவிட்டு அதை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "பாதுகாப்புக்கு வெச்சதை வேணும்னே நிறுத்தியிருக்கீங்க. நாளையில இருந்து வர வேண்டாம். உங்க உடம்புக்கு வந்ததுக்கும் இனிமே கம்பெனி பொறுப்பில்லை. நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே," என்றார். குரல்கூட உயரவில்லை. அடப்பாவி! ஒரு காகிதத்தில் அவருடைய இருபத்திரண்டு வருஷத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டான்.

பையை இறக்கினார்கள். முந்நூறு கிராம் அதில் இருந்தது. தங்கையிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் வேலையை நிரந்தரமாக்கி, சலிப்பறைக்குத் தலைவியும் ஆக்கினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அவருக்கு அதில்கூட மகிழ்ச்சிதான். நம் வேலை போனாலும் இவள் தோல் தப்பித்ததே என்று நினைத்தார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். பத்து நகத்திலும் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள்.

"பூட்டு போட்டாங்களா?"

"போட்டாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு."

"அப்பாடா! அப்போ எக்ஸாஸ்ட் ஓடுதுன்னு சொல்லு."

அவள் பையை மேஜையில் வைத்தாள். "முதல் நாள் ஓட விட்டேன். இருநூத்தி எண்பது போச்சு. எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் காவலாளி கையில காகிதத்தோட வந்து வாசல்ல நின்னா. நீ வெளிய நின்னு கேட்டியே அன்னைக்கு, அதே மாதிரி இன்னொரு தடவை நிக்க என்னால முடியாது."

"அப்போ இன்னைக்கு?"

"பதினெட்டு கிராம்."

அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்து, ஒரு விரலின் சாயத்தைத் தன் நகத்தால் சுரண்டினார். அடியிலிருந்து நீலம் தெரிந்தது. "பைத்தியக்காரி, பைத்தியக்காரி! என் மூஞ்சியைப் பாருடி," என்று கத்தினார்.

அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டாள்.

"நீலமானா ஆகட்டும்ண்ணே. உடம்புல துணியோட நிக்கிறேன்ல?"