சித்திரை வெயிலில் பூஞ்சை வளர்த்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆனையூரிலிருந்து கஸ்தூரியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க மேடம்." டாக்டர் கஸ்தூரியோடு மதுரையில் ஒரே கிருமி ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள் நான். அவரோடு சண்டை போட்டவர்கள் எங்களில் பலர் உண்டு. கோபம் தலைக்கேறினால் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிடுவார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றும் கோரிப்பாளையம் காதர் பாய், நாக்கில் ஆறாத புண்ணோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் ஆள் உருகிக்கொண்டே போனார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். இது பூஞ்சையாக இருக்கலாம் என்று சொன்னவர் கஸ்தூரி மட்டும்தான். பறவை எச்சம் கிடக்கும் மண்ணில் பஞ்சு போல நூல்விட்டு வளரும் ஒரு பூஞ்சை உண்டு. மூச்சோடு உள்ளே போனதும் உடம்புச் சூட்டில் உருமாறி, மொட்டு விடும் சின்னஞ்சிறு உருண்டைகளாகிவிடும். இரண்டு உருவத்தையும் காட்டினால்தான் எல்லோரும் நம்புவார்கள்.

புண்ணிலிருந்து எடுத்த சதையைக் குழாயில் போட்டு, புத்தகத்தில் உள்ளபடி அறை வெப்பத்தில் மேசைமேல் வைத்தோம். உருப்படியாக ஒன்றும் வளரவில்லை. கஸ்தூரி குழாயைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, புத்தகம் எழுதுனவரு கத்திரி வெயில்ல மதுரைக்கு வந்திருப்பாரா? இந்த ரூமும் காய்ச்சக்காரன் உடம்பும் ஒண்ணுதான்." மறுபடியும் சதை எடுத்து, இறுக மூடிய குழாய்களைப் புது மண்பானைக்குள் வைத்து, பானையை ஈர மணலில் பதித்தார். தண்ணீர்ப் பந்தல் திறந்துவிட்டார் என்று கேலி செய்தோம். சில வாரங்களில் குழாயில் வெள்ளைப் பஞ்சு படர்ந்தது.

"காத்துல வந்து விழுந்த பூஞ்சைம்மா. தூக்கிப் போடுங்க. அந்த ஆளையும் வீட்டுக்கு அனுப்பிரலாம்" என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர்.

"குழாயைத் தூக்கிப் போடலாம் சார். ஆளைப் போட முடியாது. கொஞ்சம் பொறுங்க" என்றார் கஸ்தூரி.

தலைவரிடம் அப்படிப் பேச எங்களில் வேறு யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை.

அந்தப் பஞ்சின் தூள் மூச்சில் போனால் ஆபத்து. அதனால் குழாயை வேறு யாரும் திறக்க அவர் விடவில்லை. பாதுகாப்புப் பெட்டிக்குள் தானே கைவிட்டு, ரத்தம் கலந்த ஊட்டத்துக்கு மாற்றி, உடம்புச் சூட்டில் வைத்தார். திரும்பத் திரும்ப மாற்றிய பிறகு நூலெல்லாம் போய் உருண்டைகள் தெரிந்தன. நுண்ணோக்கியில் அந்த மொட்டுகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவரும் பார்த்தார். மருந்து அன்றே மாறியது.

காதர் பாய் ரசம் சோறு சாப்பிட ஆரம்பித்த நாளில் அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார். "இது எங்களுக்கும் ஒட்டிக்கிருமா டாக்டரம்மா?"

"ஒட்டாதும்மா. உடம்புக்குள்ள இருக்கறது காத்துல பறக்காது. ஒரே தட்டுல சாப்பிடுங்க."

அந்த அம்மா, கணவர் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்து, மீதியைக் குடித்தார்.

கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பெரியவர்களைக் காத்திருக்கச் சொல்லும் அந்தத் திமிரைத்தான். நேற்றுகூட அவசரப்படுத்திய ஒரு பெரிய மருத்துவரிடம், "இன்னும் முடிவாகவில்லை" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.