மொட்டைத் தலைகளை வரைந்தவர்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில், திருத்தணி மலையடியில் மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசுவது என் வேலை. ஒல்லியான வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து மொட்டைகளை மட்டும் வரைந்தார். ஒற்றனோ என்று எனக்குச் சந்தேகம்.

“மொட்டையா பாத்து ஏன் சாமி வரையறீங்க?”

“முடி இருந்தா என் தப்பு அதுல மறைஞ்சிடும். வந்த புதுசுல எல்லாம் பூசணிக்காதான். இப்பத்தான் மனுஷன் தலையா வருது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

மறுநாள் போலீஸ்காரர் அவரை ஒற்றன் என்று பிடித்துவந்து, “யோவ், இவனைத் தெரியுமா?” என்றார். என் சந்தேகம் தீரவில்லை; ஆனால் என் ஒரு வார்த்தையில் அவர் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

“ஆங், தெரியுங்க. படம் கத்துகினு இருக்காரு.”

விட்டுவிட்டார்கள். அன்று மாலையே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். தப்பில்லாதவர் என்றால் ஏன் போனார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் எழுதியது.