தேசப்பன் பார்த்த மஞ்சள் துணி

மரக்காணம் உப்பளத்தில் தேசப்பனுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. கேட்டால் அவனே சொல்லுவான். அவன் அப்பன், கரையில் நின்றபடியே நடுக்கடல் சுறாவின் பல்லை எண்ணினேன் என்று சாகிற வரைக்கும் சாதித்த மனுஷன். பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

போன மாசியில் ஒரு காலை. டீ குடிக்கப் போகிற ஆட்கள் உப்பு வாரும் பலகைகளை வரப்பில் வரிசையாக நட்டுவிட்டுப் போவது வழக்கம். உப்பு தின்ற உள்ளங்கை கிழியாமலிருக்க, அவரவர் கைப்பிடியில் பழந்துணி சுற்றியிருக்கும். அய்யனாருடையதில் அவன் பெண்டாட்டி ஞானாம்பாளின் மஞ்சள் சேலைக் கிழிசல்.

அந்த நேரத்தில் எவனோ ஒருவன் மேஸ்திரி விஜயகுமாரோடு வாய்ச்சண்டை முற்றி, வரப்பிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கி அவர் மண்டையில் போட்டான். பத்தடி தள்ளி தேசப்பன். அவன் கண்ணில் பட்டது ஓங்கிய கைப்பிடியும் அதிலிருந்த மஞ்சள் துணியும்தான். அடுத்த அடி தனக்குத்தான் என்று உப்புக் குவியலுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டான், பெரிய வீரன். லுங்கி நனைந்தது பாத்தித் தண்ணீரில் என்று இன்றைக்கும் சொல்கிறான்.

போலீஸ் கேட்டபோது, "அய்யனாருதான் சார்" என்றான். முதலில் அவ்வளவுதான். இன்னொரு தரம் கேட்டார்கள். முறுக்கு மீசை முளைத்தது. மூன்றாம் தரம் சுருட்டை முடி காற்றில் பறந்தது. பயத்தில் மூடின கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது பாருங்கள்!

சாயங்காலம் அய்யனாரைப் பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து ஸ்டேஷனுக்கு இழுத்துவந்தார்கள். முந்தின நாள் வேலை முடிந்ததும் பலகையை வரப்பிலேயே விட்டுவிட்டு அங்கே போயிருந்தான். கடைசித் தங்கை அமுதவல்லியின் பிள்ளைக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் நடக்குமா? வேண்டுதலுக்காக விடிந்ததும் பிள்ளையோடு தானும் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்திருந்தான். தலையில் சந்தனம் காய்ந்து கிடந்தது. ராத்திரிக்குள் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னாலேயே வந்த ஞானாம்பாள், சாட்சி சொல்ல அங்கே உட்கார்ந்திருந்த தேசப்பன் மூக்குக்கு நேரே செல்போனை நீட்டினாள். "ஏம்பா, காலைல ஏழு மணிக்கு எடுத்த போட்டோ. இதுல எந்த முடிய பறக்க வுட்ட?"

"அதில்லக்கா..."

"டேய், மூஞ்சியப் பாத்தியா இல்லியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"துணியப் பாத்தேன் சார். மஞ்சத் துணி. அது அய்யனாருதுதானே?"

"துணியாடா அடிச்சுது?"

தேசப்பன் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தான். "அப்போ அவரு அண்ணனா இருக்கும் சார். அதே ஜாடை."

"அண்ணனா?" ஞானாம்பாள் தலையிலடித்துக்கொண்டாள். "நாலு தங்கச்சிக்கும் இந்த ஒத்த ஆம்பளதான்டா சீரு தூக்கினாரு. அவருக்கு ஏதுடா அண்ணன்?"

ஸ்டேஷனே சிரித்தது. அய்யனாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பிய விஜயகுமார், அடித்தது லாரியில் மூட்டையேற்ற வந்த வெளியூர்க்காரன் என்றார். டீக்கடையில் தேசப்பன், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, வெளியூரு ஆளுன்னு" என்றான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அந்த மூஞ்சியில் இல்லை.

இப்போதும் டீ நேரத்தில் எல்லோரும் பலகையை நட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அய்யனார் மட்டும் தன்னுடையதைத் தோளில் சுமந்துகொண்டே டீக்கடைக்கு வருகிறான். மஞ்சள் துணி தெருமுனையில் தெரிந்ததும் தேசப்பன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான்.