மாப்பிள்ளைக்கு நுங்கு கொடுக்கலாமா?

பத்து நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு முன்ரூம் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டையை ஒளித்து வைத்தேன். திருட்டுச் சாமானோ என்று நினைத்துவிடாதீர்கள். நுங்கு!

என் கணவருக்குச் சொந்த ஊர் சிக்கல் என்கிற கிராமம். வைகாசி பிறந்தால் போதும், வயலோரத்துப் பனையில் வெட்டி, யாராவது பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வந்ததும் அப்படித்தான். வெட்டி ஒரு நாள்கூட ஆகாத இளசு. அதைத் தின்னாமல் எதற்கு ஒளித்தேன்?

விருந்தாளி வருகிறார்களே! அதுவும் துபாய் மாப்பிள்ளை!

என்னோடு ஆபீசில் வேலை பார்க்கிற ஜீனத்துக்குச் சொந்த ஊர் புதுமடம். அவள் கணவர் ஜலாலுக்கு துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பழங்கள் அடுக்குகிற பிரிவில் வேலை. லீவில் வந்திருந்தார். மாமியார் வீட்டில்தான் தங்கல். ஜீனத், ஜலால், ஜீனத்தின் உம்மா மூன்று பேரும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு.

வெளிநாட்டிலிருந்து வந்த மனிதருக்கு நுங்கையா வைப்பது? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கடைத்தெருவுக்கு ஓடினேன். ஆப்பிளும் கறுப்பு திராட்சையும் வாங்கினேன். ஆப்பிளில் ஸ்டிக்கர் ஒட்டியதாகப் பொறுக்கினேன். ஸ்டிக்கரைப் பிய்க்காமலேயே தட்டில் அடுக்கினேன் — தெரியட்டுமே!

வந்தார்கள். ஜலாலைக் கட்டிலில் உட்கார வைத்துத் தட்டை நீட்டினேன். அவர் அந்த ஆப்பிளைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆபீஸ் ஃபைலை வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டினால் நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி.

"உங்க கடையில என்னென்ன பழமெல்லாம் இருக்கும் தம்பி?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"எல்லாம் இருக்கும்க்கா. ஸ்ட்ராபெரிகூட வரும். பிளாஸ்டிக் டப்பாவுல. நசுங்குனத எடுத்துட்டு நல்லத முன்னால அடுக்கணும். அதான் என் வேல."

"ஸ்ட்ராபெரியா! ருசி எப்படி இருக்கும்?"

"செகப்பா இருக்கும்க்கா."

சொல்லிவிட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினார். உம்மாதான் கவலையோடு சொன்னார்: "மாப்ள பழமே தொட மாட்டேங்குறாகம்மா. எங்க வீட்டுலயும் ஆப்பிள் வாங்கி வாங்கி வச்சது அப்படியே கெடக்கு."

அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் அருவாள்!

"ஏய், சிக்கல்லருந்து வந்த நுங்கு மூட்டைய எங்கன வச்ச? தொண்ட காயுது."

கண்ணைக் காட்டினேன். உதட்டைக் கடித்தேன். புரிந்தால்தானே? குனிந்து பார்த்தார். "கொஞ்சம் கால நகட்டுங்க தம்பி" என்று ஜலாலிடம் சொல்லிவிட்டு, அவர் கால் மாட்டிலிருந்து சாக்கை இழுத்தே விட்டார்.

ஜலால் எழுந்து நின்றுவிட்டார்.

"நுங்கா! ஒம்போது வருசம் ஆச்சுண்ணே..."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீனத் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதையைச் சொன்னாள். ஜலாலுக்கு எப்போதும் மார்கழி, தையில்தான் லீவு. அப்போது நுங்கு ஏது? இந்த வருடம் மேனேஜரிடம் மல்லுக்கு நின்று வைகாசியில் லீவு வாங்கியிருக்கிறார் — நுங்குக்காக! (எனக்காகவும்தான் என்று ஜீனத் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.) வந்து மூன்று வாரம். அந்த வாரம் சனிக்கிழமை பிளைட். இன்னும் ஒரு நுங்கு வாயில் படவில்லை.

வாங்கித் தின்ன வேண்டியதுதானே என்பீர்கள். எப்படி? மாமியார் வீட்டில் மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டால், கவனிப்பு சரியில்லை என்று அர்த்தமாகிவிடும். சரி, மாமியாராவது கொடுக்கலாமே? ரோட்டோரம் குவிந்து கிடக்கிற நுங்கை துபாய் மாப்பிள்ளைக்கு வைத்தாள் என்று தெருவே பேசாதா? உச்சிப்புளி ரோட்டில் ஒரு தடவை ஜலால் காரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "வெயில்ல எறங்காதீக மாப்ள, வீட்டுல ஜூஸ் இருக்கு" என்றாராம் உம்மா. கார் போயே போய்விட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது, என் கணவர் ஒரு காயின் தலையைச் சீவி ஜலாலிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஜலால் கை நீட்டவில்லை. மாமியாரைப் பார்த்தார். மாமியார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவரைச் சொல்லி என்ன? பாவி மனுஷி நானும்தானே ஒளித்து வைத்தேன்!

"வந்த எடத்துல ஆசையா குடுக்குறாக. வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் உம்மா, காலண்டரிடம்.

அவ்வளவுதான். ஜலால் தரையிலேயே உட்கார்ந்தார். கட்டைவிரலை நுங்கின் கண்ணுக்குள் விட்டார். தண்ணீர் பீய்ச்சி, இஸ்திரி போட்ட சட்டை, மூக்கு, மீசை எல்லாம் நனைந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கண், அடுத்த காய்... என் கணவருக்குச் சீவிக் கை வலித்துவிட்டது. நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன் — உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மூன்றாவது நுங்கில் இருந்தார்! ஆப்பிள்கள் ஸ்டிக்கரோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

நம் ஊரில் விளைவதை விருந்தாளி முன்னால் வைக்க நமக்கு ஏன் இப்படிக் கூசுகிறது? தூரத்திலிருந்து வந்தால்தான் பழத்துக்கு மதிப்பா? ஸ்ட்ராபெரி விளைகிற ஊரில் யாரோ ஒரு மாமியார், அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மாப்பிள்ளைக்கு வேறு எதையோ தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பார். சந்தேகமே இல்லை.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. புதுமடத்திலிருந்து. இறக்கினால் — நாலு குலை நுங்கு! பின்னாலேயே உம்மாவின் போன்.

"வந்துருச்சாம்மா? சனிக்கெழம வரைக்கும் தெனமும் மாப்ளய உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். நீங்களா குடுக்குற மாதிரி குடுத்துருங்க."

"ஏன் உம்மா, உங்க வீட்டுலயே குடுக்கலாமே?"

"நல்லா கேட்டீக போங்க! எங்க வீட்டுக்குன்னு ஒரு மருவாதி இருக்குல்ல?"

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான்... நுங்குக்குத்தான் ஒரு குறையும் இல்லை!