அம்மாவுக்கு வந்த பக்குவம்

சோறு கருகும் மணம் கொட்டில் முழுக்க நிறைந்திருக்க, அடுப்புக்கு முன்னாலேயே அம்மா இருந்தார். புகை கண்ணில் அடித்தும் இமை வெட்டவில்லை. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் காட்டோரமாக நாங்கள் குடிசைபோல் கொட்டில் போட்டு இருந்த காலம் அது. உருத்திரபுரத்தில் விட்டுவந்த நெல்லை எடுக்கப் போன அப்பா ஷெல் பட்டுச் செத்தார். கூடப் போனவர்கள் அங்கேயே எரித்துவிட்டு வந்து சொன்னார்கள். அம்மா அழவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் தாங்களே அழுதுவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவன்று, கோயிலில் புராணத்துக்குப் பொருள் சொல்லும், நாங்கள் சட்டம்பியார் என்று கூப்பிடும் வாத்தியார் அம்மாவைக் காட்டி, "இன்பத்துக்கும் அசையாது, துன்பத்துக்கும் அசையாது. காத்துப் படாத விளக்கு மாதிரி மனம். யோகியளுக்கே லேசில வராத பக்குவம்," என்றார்.

மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய செல்லமுத்து அண்ணை, சின்ன வயதில் ஒரு விகாரையில் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர். "எங்க ஹாமுதுருவும் இதத்தாங்க சொல்லுவாரு," என்றார். அங்கிருந்த பிக்குவைத்தான் அப்படிச் சொன்னார். "ஆச போச்சுன்னா மனசு கலங்காத கொளமாட்டம் ஆயிரும்னுவாரு."

"அப்ப சைவமும் பௌத்தமும் ஒண்டுதான்," என்று சட்டம்பியார் சந்தோசப்பட்டார்.

சோறு போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "ஒண்டெண்டா பிறகென்னத்துக்கு அவங்கள் மேலால வந்து குண்டு போடுறாங்கள்? இலை போட்டாச்சு, வாங்கோ," என்றார். எல்லோரும் எழும்பிச் சாப்பிடப் போனார்கள்.

அதன்பிறகு கதை பரவி, பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். நான் ஊட்டினால்தான் அம்மா சாப்பிடுகிறார், தலையில் பேன் ஊர்ந்தாலும் கை தூக்குகிறாரில்லை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு என்னைத் திட்டுகிற அம்மா வேண்டும். அதைச் சொன்னால் "வாய்க்காரி" என்றார்கள்.

மாரி தொடங்க முன்னம் ஒருநாள் ஊராரின் ஆடு படலையால் புகுந்து, அப்பா நட்டுவைத்த மரவள்ளியைத் தின்றது. அம்மா எழும்பினார். விறகுக்கட்டையால் எறிந்தார். "எடி மூதேவி! படலையைத் திறந்துவிட்டிட்டு எங்கையடி போனனீ?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு, முறிந்த மரவள்ளித் தடியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்து அழுதார். அம்மா என்னைத் திட்டிவிட்டார் என்ற சந்தோசத்தில் ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கூட்டிவந்தேன்.

சத்தம் கேட்டு வந்த சட்டம்பியார், "அந்தப் பக்குவம் குலைஞ்சுபோச்சு," என்று கவலைப்பட்டார். செல்லமுத்து அண்ணையும், "பாவம், கொளம் கலங்கிருச்சி," என்றார்.

அவர்கள் இருவரும் இன்றில்லை. காட்டோரக் கொட்டில்களும் இல்லை. இப்போது கோயில் மண்டபத்தில் யோகா வகுப்பு நடக்கிறது. வீதியோர விகாரையில் தியானம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் மூச்சைப் பார், மனதை அடக்கு என்கிறார்கள். அவர்கள் சொல்லும் அமைதி ஒன்றுதான், நல்லதுதான். ஆனால் அடங்கின மனம் எது, செத்த மனம் எது என்று பார்க்கத் தெரியாதவர்களுக்கு அதைப்பற்றிக் கதைக்க என்ன உரிமை இருக்கிறது?

போன வருடம் அம்மாவும் போய்விட்டார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள், நல்ல திடமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.